இடது பக்கம் திரும்பும்போது மட்டும்

“இல்லாத சத்தத்தக் கேக்க ஒனக்கு ரெண்டு காது இருக்கு, எதுத்தால நின்னு நான் சொல்லுதத கேக்க ஒத்தக் காது இல்ல, கோட்டியா புடிச்சிருக்கு ஒனக்கு?” என்று குற்றாலலிங்கம் சொன்னது சொன்னபடி, ஒரு எழுத்து கூடாமல் குறையாமல், அவர் வாயிலிருந்து வந்த அதே ராகத்தில் மங்கையர்க்கரசியின் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது, சொன்ன மனிதரோ சொல்லிவிட்டு, இட்லி தின்ற தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு (தட்டில் கை கழுவாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்லியாயிற்று, கேட்டால்தானே), பிளாஸ்டிக் நாற்காலியை வாசல் கேட்டுப் பக்கம் இழுத்துப் போட்டு, போர்ட்டிகோவில் நிற்கும் காருக்கும் அவளுக்கும் சேர்த்து முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பரை விரித்தாயிற்று. கல்யாணமான நாளிலிருந்து பார்த்துவரும் முதுகு. பசியில் ஒரு மாதிரி இருக்கும், கோபத்தில் ஒரு மாதிரி இருக்கும், இன்றைக்குக் கோப முதுகு. இருக்கட்டும். அவள் கார்க் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்க்ரூடிரைவரை மடியில் வைத்துக்கொண்டாள். கிண். இப்போது கேட்கவில்லை, நிற்கிற காரில் எப்படிக் கேட்கும், நினைத்துப் பார்த்தாள், அவ்வளவுதான். ஆனால் நினைத்ததும் கேட்டது, அதுதான் பயமே. வண்டி ஓடும்போது, அதுவும் இடது பக்கம் திரும்பும்போது மட்டும், காய்கறி மார்க்கெட்டுக்குத் திரும்புகிற முக்கில் ஒன்று, மகாராஜநகர் வளைவில் ஒன்று, கிண்ணென்று மெல்லிசாக, ஊசியை எவர்சில்வர் டம்ளருக்குள் போட்ட மாதிரி, அப்புறம் ஒரு சின்ன உருட்டல், அப்புறம் ஒன்றுமில்லை. வலது பக்கம் திரும்பினால் கிடையாது. நேரே போனால் கிடையாது. பேய் பிசாசுக்குக்கூட இப்படி ஒரு ஒழுங்கு இருக்குமா என்ன. “கேக்குதா?” என்பாள். “என்னது?” என்பார். “சத்தம்.” உடனே தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கி, மில்லில் நின்ற காலத்து மூஞ்சியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, “ஒண்ணும் இல்ல.” தீர்ப்பு சொல்லியாயிற்று, அதற்குமேல் போக வேறு கோர்ட்டு கிடையாது. ஏனென்றால் இவர் நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பார்த்தவர், நூல் சுற்றும் கதிர்கள் எல்லாம் ஒன்றாகச் சுழல்கிற இரைச்சலுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நடந்துபோய் ‘இந்தா, இதுல பேரிங் போயிட்டு’ என்று விரலை வைத்தவர். இந்தக் கதையைக் கேட்காத கல்யாணப் பந்தி திருநெல்வேலி ஜில்லாவில் இல்லை, பல் டாக்டரிடம்கூட வாயில் பஞ்சோடு சொன்னார். அப்பேர்ப்பட்ட காது இல்லை என்று சொன்னால் இல்லைதான். மெக்கானிக் சேர்மக்கனியும் ஷெட்டு வாசலில் ஒரு வட்டம் அடித்துவிட்டு “வண்டி கல்லு மாதிரி இருக்கு சார்” என்றானாம். எந்தப் பக்கம் வட்டம் அடித்தான், வலமா இடமா என்று கேட்டாள். அதற்குத்தான் இந்தக் காலைச் சண்டை.

அம்மாவுக்கும் சத்தத்தில்தான் தொடங்கியது. “குழாய் சொட்டுதுட்டி, போய்ப் பூட்டிட்டு வா” என்பாள், இவள் போய்ப் பார்த்தால் சொட்டாது. அடுக்களையில் சொட்டாது, பின்வாசலில் சொட்டாது, குளியலறையில் சொட்டாது. “நல்லாப் பாத்தியா? டொக்கு டொக்குன்னு கேக்குதே.” அம்மாவுக்கு அப்போது இவள் வயதுதான், இதே மாதிரி காதோரம் மட்டும் நரைத்த வயது. வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள், மங்கையும் சிரித்தாள், பிரசவத்துக்கு வந்திருந்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அம்மா யாரையும் ஏவாமல் தானே எழுந்து போக ஆரம்பித்தாள்; முறுக்கி முறுக்கி எல்லாக் குழாயிலும் மரை கழன்றது, நிஜமாகவே சொட்ட ஆரம்பித்தது, அன்றைக்கு அம்மா முகத்தில் இருந்த சந்தோஷம், நான்தான் சொன்னேன்லா என்ற சந்தோஷம். கடைசியில் மகள் பேர் போயிற்று, புருஷன் பேர் போயிற்று, குழாய் மட்டும் நின்றது. பக்கத்தில் போய் உட்கார்ந்தால் “யாரும்மா நீ? ஒனக்குக் குழாய் பூட்டத் தெரியுமா?” மரை கழன்ற கேஸ் என்று ஊரில் எவ்வளவு லேசாகச் சொல்லிவிடுகிறார்கள். அதனால் இந்தக் கிண் காருக்குள்தான் இருந்தாக வேண்டும். காருக்குள் இருந்தால் மங்கையர்க்கரசி பிழைத்தாள். காருக்குள் இல்லையென்றால் அது இருக்கக்கூடிய இடம் இன்னும் ஒன்றே ஒன்றுதான், அதற்கு ஸ்க்ரூவும் கிடையாது, கழற்றிப் பார்க்க வீடியோவும் கிடையாது. இதற்கு இருக்கிறது. வீடியோவில் ஒரு பையன் ஹிந்தியில் பேசினான், பேச்சுப் புரியவில்லை, கை பேசியது புரிந்தது. இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே, கியரையும் ஹேண்ட் பிரேக்கையும் சுற்றி நிற்கிற இந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குச் சென்டர் கன்சோல் என்று பேராம்; இவ்வளவு காலம் முழங்கையை ஊன்றிக்கொண்டு வந்த சாமானுக்கு ஒரு பேர் இருப்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது, கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது, பக்கத்து வீட்டுக்காரி பேரை வெகுநாள் கழித்துக் கேட்ட மாதிரி. பின் சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தாயிற்று. சாவி வெளியே. ஹேண்ட் பிரேக்கை மேலே இழுத்தாயிற்று. கியர்த் தலையைப் பிடித்து ஊறுகாய் ஜாடி மூடியைத் திருகுகிற மாதிரித் திருகினாள். வரவில்லை, முந்தானைக்குப் பதில் நைட்டியின் ஓரத்தைச் சுற்றிப் பிடித்துத் திருகினாள், வந்தது, கையோடு வந்துவிட்டது, உள்ளங்கையில் ஒரு கத்தரிக்காய் மாதிரி உட்கார்ந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கத்தரிக்காயைப் பிடித்துக்கொண்டுதானா இந்த ஆண்கள் இவ்வளவு அதிகாரம் பண்ணுகிறார்கள்.

பிறகு கியரைச் சுற்றியிருந்த தோல் உறை. மகள் சங்கரியின் பழைய பிளாஸ்டிக் ஸ்கேலை விளிம்பில் செருகி நெம்பினால் டப், டப் என்று கிளிப்பு ஒவ்வொன்றாக விட்டது. ஒடிந்துவிட்டதோ என்று ஒவ்வொரு டப்புக்கும் நெஞ்சு ஒருமுறை நின்று ஓடியது. ஆனால் நிறுத்த முடியவில்லை, அடுத்தது எப்படி இருக்கும், அதற்கடியில் என்ன இருக்கும், இந்தப் புத்தி அவளுக்குச் சின்ன வயதிலேயே உண்டு, கான்வென்ட் ஹாலில் இருந்த பியானோவின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டு எந்தச் சுத்தியல் எந்தக் கம்பியில் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது பெனடிக்டா சிஸ்டர் பின்னால் வந்து நின்று, அடிப்பார் என்று பார்த்தால், “உள்ளே மோட்சம் தெரிகிறதா, மங்கை?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். சாமான் போடுகிற பள்ளத்தின் ரப்பர் விரிப்பைத் தூக்கினால் அடியில் இரண்டு ஸ்க்ரூ ஒளிந்துகொண்டிருந்தன, முகத்தில் அழுக்கோடு. சீட்டை முன்னால் தள்ளினால் பின்பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் சுற்றிப் போய் அடுத்த சீட்டைத் தள்ளினால் இன்னொன்று. கழற்றியதை எல்லாம் அவள் ஓர் இட்லித் தட்டில் போட்டாள். முன்பக்கத்து ஸ்க்ரூவுக்கு முன்பக்கத்துக் குழி, பின்பக்கத்ததற்குப் பின்பக்கத்துக் குழி, கிளிப்புக்கு நடுக்குழி. அந்த ஹிந்திப் பையனுக்கு இது தோன்றியிருக்காது, அவன் ஸ்க்ரூவையெல்லாம் ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்கினான். அப்போது போன் அடித்தது, பெங்களூரிலிருந்து சங்கரி. “என்னம்மா பண்ணுத?” “ஒங்கப்பா காரப் பிரிச்சுக்கிட்டு இருக்கேன்.” “பிரிக்கது காரையா, அப்பாவையா?” “எது மொதல்ல கழருதோ அது.” சங்கரி சிரித்தாள், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “அந்தச் சத்தம் இன்னும் கேக்குதாம்மா?” என்று கேட்டதில் என்னமோ இருந்தது, கேள்விக்குப் பின்னால் ஒரு கேள்வி ஒளிந்து நின்றது, ரப்பருக்கடியில் ஸ்க்ரூ மாதிரி. “கேக்கத்தான் செய்யுது.” “சரி. சென்னைல ஒரு டாக்டர் இருக்காக, சும்மா ஒரு செக்கப்...” “எதுக்கு? குழாய் பூட்டவா?” சங்கரியும் ஆச்சியைப் பார்த்திருக்கிறாள். “அப்பாட்ட குடும்மா.” “அவுக பேசமாட்டாக, கோவத்துல இருக்காக.” “கோவம் இல்லாதப்ப மட்டும் பேசுதாகளா? ‘நல்லாருக்கியா, அம்மைட்ட பேசு’, அவ்வளவுதான். முன்னெல்லாம் ஆஃபீஸ் கதையே ஒரு மணி நேரம் கேப்பாக.” வைத்துவிட்டாள். கேட்பது. என்ன வார்த்தை இது. கேக்குதா, கேட்டியா, கேட்டால்தானே, சொன்னால் கேள். பெனடிக்டா சிஸ்டர் கரும்பலகையில் மூன்று வார்த்தை எழுதுவார், ஹியர், லிசன், ஆஸ்க், மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு வாக்கியம் எழுதச் சொல்வார். காதில் விழுவது வேறு, காதுகொடுப்பது வேறு, வாயால் கேட்பது வேறு, உங்கள் பாஷையில் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டுகிறீர்கள் என்பார். கிண்டத்தான் செய்கிறோம் சிஸ்டர், என்ன கெட்டுப்போயிற்று. ‘எங்க வீட்டுக்காரர் சொன்னாக் கேக்கமாட்டார்.’ இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள், நாத்தனாரிடம், கீரைக்காரியிடம், நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தில் அறிமுகமே இல்லாத ஒருத்தியிடம். எல்லாரும் எங்க வீட்டுலயும் அதே கதைதான் என்று சொல்லி உச்சுக்கொட்டினார்கள். அவள் இருமிக் கிடந்தபோது அடுக்களையிலிருந்து சுக்கு வாங்கிட்டு வாங்க என்று சொன்னாள், முறுக்கு வாங்கி வந்தார். முறுக்கு! தொண்டை புண்ணாகிக் கிடக்கிறவளுக்கு! “நீதான கேட்ட?” என்று வேறு நின்றார், கையில் எண்ணெய் ஊறின பொட்டலத்தோடு. நக்கலாகத்தான் செய்கிறார் என்று அன்றைக்கு அவள் பேசவே இல்லை, அந்த முறுக்கையும் தொடவில்லை, அவர் ஒருத்தராகவே ராத்திரி வரைக்கும் நொறுக்கிக்கொண்டிருந்தார். காரோட்டும்போதும் அப்படித்தான், ஒரு முக்கில் இண்டிகேட்டரைப் போட்டால் போட்டதுதான், ஊர் முழுக்கக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே போவார். “டிக்கு டிக்குன்னு அடிக்குதுல்லா, அத நிறுத்துங்க” என்றால் அப்போதுதான் குனிந்து பார்ப்பார். திமிர். மில்லில் ஊரையே விரட்டிய திமிர், ரிட்டயர்டு ஆன பிறகு விரட்ட ஆளில்லாமல் இவள் தலையில் வந்து விடிந்திருக்கிறது.

இப்போது தூக்க வேண்டும். பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்க வேண்டும், முன்பக்கத்தைத் தூக்கினால் ஒடியும், பையன் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னான். தூக்கினாள். ஹேண்ட் பிரேக்கின் மூக்கு மாட்டியது, சாய்த்தாள், கழுத்துச் சங்கிலி மாட்டியது, அதை எடுத்துப் பின்னால் போட்டாள், அப்புறம் என்னமோ ஒன்று உள்ளேயிருந்து பிடித்து இழுத்தது. போன் சார்ஜர் செருகுகிற சாக்கெட்டின் ஒயர். விரலை விட்டுத் தடவினாள், ஒரு சின்ன நாக்கு அகப்பட்டது, அதை அமுக்கி இழுத்தால் வந்தது, எவ்வளவு பதவிசாக வருகிறது, அமுக்க வேண்டிய இடம் தெரிந்துவிட்டால் எல்லாமே பதவிசாகத்தான் வரும்போல. பெட்டி மொத்தமும் கைக்கு வந்துவிட்டது. இவ்வளவுதானா, இவ்வளவு லேசா, உள்ளே ஒன்றுமே இல்லாத வெறும் ஓடு. அதைத் தூக்கிப் பின் சீட்டில் வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குனிந்தாள். அம்மாடி. என்ன ஒரு உலகம். கம்பியும் ஒயரும் தூசிக்குள் படுத்திருக்க, அதன்மேல் நிலக்கடலைத் தோல், பேனா மூடி, எந்தக் கோயிலில் வாங்கியதோ வெடித்துப்போன திருநீற்றுப் பொட்டலம், பாதி தின்ற மாத்திரை அட்டை, ஒரு ஹேர்பின், அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஹேர்பின், இரண்டும் அவளுடையது, சங்கரியின் பென்சில் சீவி, காய்ந்து சருகான மல்லிகை நாரோடு, அவர் வாயில் போட்டு மெல்லுகிற கிராம்பு. இவ்வளவும் அவர்கள் காலடியிலேயே, அவர்களோடு சேர்ந்து மதுரைக்கும் கன்னியாகுமரிக்கும் போய்விட்டு வந்திருக்கிறது. அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள், முகர்ந்து பார்த்தாள், கிராம்பு இன்னும் மணத்தது. ஆனால் இதில் எதுவும் கிண் என்னாது. பேனா மூடியைத் தட்டிப் பார்த்தாள், டக். ஹேர்பின்னை இரும்பில் போட்டாள், சிக். சீவி, கடக். இல்லை. இல்லை. கை வேகமாகியது, விரிப்பின் வெட்டு விளிம்பைத் தூக்கி, ஒயருக்கடியில், தூசியை வாரி, இல்லை, டொக்கு டொக்கென்று கேட்டது, குழாய், இல்லை, அது அவள் நெஞ்சு. யாரும்மா நீ. ஹேண்ட் பிரேக்கின் அடிக்கட்டைக்குப் பின்னால் ஒரு குழிவு இருந்தது, கண்ணுக்குத் தெரியாது, விரல் மட்டும்தான் போகும். விரல் போனது. உருண்டையாக, குளிர்ச்சியாக ஏதோ ஒன்று, பட்டதும் நழுவி உருண்டு இரும்பில் மோதியது. கிண்.

சுண்டைக்காய்ப் பருமனுக்குப் பித்தளை மணி. சாவிக்கொத்தில் இருந்தது, குற்றால சீசனில் கடைவீதியில் சங்கரி வாங்கியது, “அப்பா, ஒங்க ஊரு, ஒங்க பேரு, ஒங்க சாவி” என்று மாட்டிவிட்டாள். காரில் ஏறினதும் சில்லறைப் பள்ளத்தில் சாவிக்கொத்தை எறிகிற வழக்கம் அவருக்கு உண்டு, எப்போதோ வளையம் விட்டு உள்ளே இறங்கியிருக்கிறது. அவள் அதைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினாள், கிண். இன்னொரு தடவை, கிண். கோட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை, அம்மா மாதிரி இல்லை, பேர் மங்கையர்க்கரசி, புருஷன் பேர் குற்றாலலிங்கம், மகள் பேர் சங்கரி, எல்லாம் இருக்கிறது, எல்லாம் அது அது அந்தந்தக் குழியில் இருக்கிறது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, சவத்துத் தூசி. உடனே அடுத்தது வந்தது, சிரிப்பு. வருகிறேன் ஐயா, நூற்பாலைக் காதே, வருகிறேன். காரைவிட்டு இறங்கி, செருப்புக்கூடப் போடாமல், கோலத்தை மிதிக்காமல் சுற்றிப்போய் நாற்காலிக்குப் பின்னால் நின்று, மணியைத் தூக்கிப் பிடித்து ஆட்டினாள். கிண் கிண் கிண். மதில்மேல் படுத்திருந்த பக்கத்து வீட்டுப் பூனை காதைத் திருப்பியது. அவர் திரும்பவில்லை. அடேங்கப்பா, கோபம். இன்னும் ஒரு அடி கிட்டே போய், வலது காதுக்குப் பின்னால் ஆட்டினாள். பூனை எழுந்து உட்கார்ந்துவிட்டது. அவர் பக்கத்தைப் புரட்டினார், எச்சிலைத் தொட்டு, நிதானமாக. சூடம் காட்டுகிற மாதிரி வளைத்து வளைத்து ஆட்டினாள், சிரித்துக்கொண்டேதான், அப்புறம் எப்போது சிரிப்பு நின்றது என்று தெரியவில்லை. ஏனென்றால் அவள் அந்த முதுகைப் பார்த்துவிட்டாள். கோபம் என்றால் தோள்பட்டை காதுவரை ஏறி நிற்கும், கழுத்து விறைக்கும், அவளுக்குத் தெரியாதா. இது கோப முதுகே இல்லை. காலை வெயிலில் ராசிபலன் படித்துக்கொண்டிருக்கிற முதுகு, சண்டையையே மறந்துவிட்ட, யாருமே தன்னைக் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிற முதுகு. மணி அவள் கையில் ஆடிக்கொண்டேயிருந்தது. அப்படியென்றால். முன்பெல்லாம் அந்த மணிச் சத்தம் கேட்டால்தான் அவர் படியேறி வருகிறார் என்று அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவாள்; கொஞ்ச நாளாகப் பூனை மாதிரி வந்து பின்னால் நின்று பதற வைக்கிறார் என்று திட்டினாளே தவிர, ஏன் சத்தமில்லை என்று யோசிக்கவில்லை; சாவியைத் தினம் கையில் எடுக்கிற மனிதருக்கு அதில் மணி இல்லாதது தெரியவில்லை; அது இருந்தபோதும் தெரிந்திருக்காது. சுக்கு. முறுக்கு. அவர் அவ்வளவு தூரம் நடந்துபோய், சூடாகப் போடுகிற கடையாகப் பார்த்து, அவள் ஆசைப்பட்டுக் கேட்டாள் என்று. இண்டிகேட்டர். ‘அம்மைட்ட பேசு.’ எதிரே நின்றால் பதில் வரும், அடுக்களையிலிருந்து பேசினால் வராது, எதிரே நிற்கும்போது அவர் பார்க்கிறது அவள் வாயை. எதுத்தால நின்னு நான் சொல்லுதத. அவருக்கு எல்லாமே எதுத்தால நிக்கணும்.

அவள் திரும்பிக் காருக்கே வந்துவிட்டாள். மணியை இறுக்கிப் பிடித்தால் அது மணியாகவே இல்லை, ஒரு பித்தளைக் கொட்டை, அதை இட்லித் தட்டில் மிச்சமிருந்த குழியில் போட்டாள். திறந்ததைத் திறந்த மாதிரியே மூட வேண்டும். முதலில் ஒயர், நாக்கு டக்கென்று விழும் வரை அழுத்தினாள். பிறகு முன்பக்கம் உள்ளே, பின்பக்கம் கீழே, ஹேண்ட் பிரேக்கின் மூக்கைத் தப்பவிட்டு. கழற்றும்போது பாய்ந்த கை போடும்போது பாயமாட்டேன் என்றது, ஸ்க்ரூ துளையைத் தேடித் தேடி அலைந்தது. “மண்டைக்கனம் புடிச்ச மனுஷன்” என்றாள், சாதாரணக் குரலில், நாற்காலியைப் பார்த்துக்கொண்டு. ஒன்றுமில்லை. “தட்டுல கை கழுவுத ஆள நான் எங்கயும் பாத்ததில்ல.” ஒன்றுமில்லை. ஒரு ஸ்க்ரூ உட்கார்ந்தது. அவளுக்குப் பியானோவுக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது, எது எந்தக் கம்பியில் அடிக்கிறது, எது அடிக்கவே இல்லை, கொஞ்சம் குரலைத் தூக்கினாள், “பால்காரன் வந்தானா?” தலை லேசாக அசைந்தது, ஈயை விரட்டுகிற மாதிரி, அவ்வளவுதான். குரலை இறக்கினாள். “அந்த முறுக்கு நல்லாருந்திருக்கும்” என்றாள். இறக்கி இறக்கி, உதடு மட்டும் அசைகிற மாதிரி, கல்யாணமான புதிதிலும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள், சொல்லிவிட்டு அவளுக்கே காது சூடாகியது, யாராவது கேட்டுவிட்டார்களோ என்று மதிலைப் பார்த்தாள், பூனைகூட இல்லை. சீட்டைத் தள்ளிப் பின்பக்கத்து ஸ்க்ரூ இரண்டையும் முடுக்கினாள். தோல் உறை, டப், டப், இப்போது ஒன்றுக்கும் நெஞ்சு நிற்கவில்லை. கத்தரிக்காயைத் திருகினாள். முடிந்தது. ஒன்றும் மிச்சமில்லை, மணியைத் தவிர. இனி இந்த வண்டி இடது பக்கம் திரும்பினால் கேட்காது, இரண்டு பேருக்கும் கேட்காது. அதைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே ஆட்டினால் காலைச் சண்டையில் அவளுக்கு ஜெயம். ஆட்டும்போது அவர் மணியைப் பார்ப்பார், அது ஆடுகிறதைப் பார்ப்பார், கண்ணை இடுக்கித் தலையைச் சாய்ப்பார், அந்த மில்லுக் கதை அங்கேயே முடிந்துபோகும், இனிமேல் எந்தப் பந்தியிலும் வராது. வராவிட்டால் என்ன, அலுத்துப்போன கதைதானே. அலுத்துப்போன கதைதான். ஆனால் பின்னால் வருகிற லாரி ஹாரன் அடித்தால். ஒரு குழந்தை குறுக்கே ஓடி யாராவது கத்தினால். சொல்லித்தான் ஆக வேண்டும். டாக்டர் என்றால் சங்கரி சொன்ன டாக்டர் இல்லை, வேறு டாக்டர். கத்திச் சொன்னால் தெருவுக்கே கேட்கும், எதிர்வீட்டு உலகம்மாள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டு நிற்கிறாள். இது மெதுவாகச் சொல்ல வேண்டிய விஷயம். மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது. அவள் இறங்கி, கார்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, கையிலிருந்த மசியை நைட்டியிலேயே துடைத்துவிட்டு, மணி உள்ளங்கைக்குள் வாயடைத்துக் கிடக்க, அந்த முதுகுக்கு ஓர் அடி தள்ளி வந்து நின்றாள். தோளில் கை வைத்தால் பதறிப்போவார். முன்னால் போய் நின்றால் அவள் முகத்தைப் பார்த்துவிடுவார், முகத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் பேப்பரை மடித்து, கடைசிப் பக்கத்தை எடுத்தார்.

“ஏங்க” என்றாள் மங்கையர்க்கரசி, மெதுவாக. “கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்களேன்.”